தீக்கோளம் பார்த்தேன் என்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது

பெரிய வெளிச்சம் ஒன்று வானில் பாய்ந்து மறைந்தால், பார்த்தவர் முதலில் நிறத்தைச் சொல்வார். அடுத்து, "அந்த மரத்துக்குப் பின்னாலதான் விழுந்துச்சு" என்பார். இரண்டையும் எழுதிக்கொள்ளலாம், எதையும் முடிவு செய்ய அவை போதாது. எத்தனை விநாடி தெரிந்தது என்பதே முதல் கேள்வி.

வெள்ளிக் கோளைவிடப் பிரகாசமான எரிநட்சத்திரத்தைத் தீக்கோளம் என்கிறோம். விநாடிக்கு 11 முதல் 72 கி.மீ. வேகத்தில் வருவதால் பெரும்பாலும் சில விநாடிகளில் அணைந்துவிடும். அரை நிமிடத்துக்கும் மேலாக, துண்டு துண்டாகச் சிதறியபடி நிதானமாகப் போயிருந்தால், சுற்றுப்பாதையிலிருந்து விழும் ராக்கெட் பாகமாகவோ பழைய செயற்கைக்கோளாகவோ இருக்கும். நான்கைந்து நிமிடம் சிதறாமல் ஒரே சீராக நகர்ந்தது விண்வெளி நிலையமாக இருக்கலாம்.

வியப்பில் மூன்று விநாடி பத்தாகிவிடும். அதனால் எண்ணைக் கேட்காமல், பார்த்தபடியே கையை வானில் நகர்த்திக் காட்டச் சொல்லி, நாம் ஸ்டாப்வாட்சில் அளப்பது நல்லது.

திசைக்கு, அவரை நின்ற இடத்திலேயே மறுபடி நிறுத்த வேண்டும். தோன்றிய புள்ளியையும் மறைந்த புள்ளியையும் கூரை முனை, கம்பம் என ஏதாவது ஒன்றை ஒட்டிக் காட்டட்டும். நீட்டிய கையின் முஷ்டி அகலம் சுமார் 10 பாகை. "உச்சந்தலைக்கு மேல" என்பது தொடுவானத்திலிருந்து அளந்தால் பலமுறை 50, 60 பாகைதான். இரும்புக் கதவு, வண்டி பக்கத்தில் திசைகாட்டியை நம்பக் கூடாது.

மரத்துக்குப் பின்னால் விழவில்லை என்பதைக் கணக்கே சொல்லும். 50 கி.மீ. உயரத்தில் அணைந்தது 20 பாகையில் தெரிந்தால், அது சுமார் 140 கி.மீ. தள்ளி இருக்கிறது. அவ்வளவு தூரத்திலிருந்து வருவதால் சத்தமும் தாமதிக்கும். 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்கில் தீக்கோளத்தின் வெளிச்சத்தைப் பார்க்க ஜன்னலருகே வந்தவர்கள், ஓரிரு நிமிடம் கழித்து வந்த அதிர்வலையில் கண்ணாடி உடைந்து காயப்பட்டார்கள். எனவே வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் இடையே எவ்வளவு நேரம் என்பதையும் தவறாமல் கேட்க வேண்டும்.

சிசிடிவி பதிவு கிடைத்தால் பெரும் பேறு. ஆனால் அதன் கடிகாரம் சில நிமிடங்கள்கூடப் பிசகியிருக்கும். அன்றே சரியான நேரத்தோடு ஒப்பிட்டு வித்தியாசத்தைக் குறிக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சுருங்கிய நகல் உதவாது, மூலக் கோப்பே வேண்டும். கேமராவை யாரும் தொடாமல் இருந்தால், தெளிவான இரவில் அதே கோணத்தில் பதிவாகும் நட்சத்திரங்களை வைத்துப் பாதையைத் துல்லியமாக அளக்கலாம். தூசி துடைக்கும்போது சற்றே திரும்பிவிட்டாலும் அந்த அளவீடு கெட்டுவிடும்.