டீச்சருக்காக இரண்டு நவமி: திலதர்ப்பணபுரியும் கூத்தனூரும்

சுமங்கலியாக இறந்துபோனவர்களுக்கு, மகாளய அமாவாசைக்கு முந்தின தேய்பிறை நாட்களான மகாளய பட்சத்தில் தனியாக ஒரு நாள் உண்டு: அவிதவா நவமி. பலருக்கு இது தெரிவதில்லை. மகாளய அமாவாசைக் கூட்டத்தில் நின்று எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். அது தப்பில்லை. ஆனால் புருஷனும் பிள்ளையும் இருக்க, மஞ்சள் குங்குமத்தோடு போன எங்கள் டீச்சருக்கு உரிய நாள் நவமிதான். அடுத்த பட்சத்து நவமி சரஸ்வதி பூஜை. தமிழ் டீச்சருக்கு இந்த இரண்டு நவமிகளை விட்டால் வேறு எந்த நாள்?

இரண்டு தலங்களும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது அம்பாள் போட்ட முடிச்சு. மயிலாடுதுறையிலிருந்து திருவாரூர் போகும் சாலையில் பேரளம் தாண்டி பூந்தோட்டம். அங்கிருந்து நடக்கிற தூரத்தில் சரஸ்வதி கோயில் இருக்கிற கூத்தனூர், இன்னும் சற்றுத் தள்ளி தர்ப்பணத் தலமான செதலபதி என்கிற திலதர்ப்பணபுரி. பூந்தோட்டத்தில் பாசஞ்சர் ரயிலும் நிற்கும். வழியில் காரை மறித்து, "தர்ப்பணம், ஐயர், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரே ரேட்" என்று பேசுகிறவர்களிடம் தலையாட்ட வேண்டாம். மனசு கனத்து வருகிறவர்கள் பேரம் பேசமாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

முதல் வருஷத் திதியான வருஷாப்திகம் முடிகிறவரை மகாளயமும் இல்லை, பண்டிகையும் இல்லை என்பது டீச்சர் வீட்டு வழக்கம். அதனால் முதல் புரட்டாசி சும்மா போனது. இரண்டாம் புரட்டாசியில்தான் புறப்பட முடிந்தது.

செதலபதியில் முதலில் ஆதி விநாயகர். தும்பிக்கை இல்லை, மனித முகம். அவரைக் கும்பிட்டுவிட்டுத்தான் மற்றதெல்லாம். ராமர் தசரதருக்கு நான்கு பிண்டம் வைக்க, அவை லிங்கமாக மாறிய தலம். மண்டியிட்ட ராமரையும் அந்த நான்கு லிங்கங்களையும் பார்க்காமல் திரும்பக் கூடாது. சம்பந்தர் பாடிய திலதைப்பதி இதுதான். சூரியனும் சந்திரனும் இங்கே சேர்ந்தே இருப்பதால் நித்திய அமாவாசை, எந்த நாளும் தர்ப்பணம் செய்யலாம்.

தடுமாறுகிற இடங்களைச் சொல்லிவிடவேண்டும். அப்பா இருக்கும்போது மகன் அமாவாசைத் தர்ப்பணம் செய்வதில்லை. தாய்க்கு இந்த நவமியில் செய்ய இடம் உண்டு, ஆனால் வீட்டுப் புரோகிதரை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு வரவேண்டும். அடுத்தது கோத்திரம். கல்யாணமான பெண்ணுக்குப் புகுந்த வீட்டுக் கோத்திரம். அம்மா பிறந்த வீட்டுக் கோத்திரத்தைச் சொல்லிவிட்டு நடுவில் திருத்துகிறவர்கள் நிறைய. மூன்றாவது, பெயர். அம்மா, அப்பாவைப் பெற்ற பாட்டி, அதற்கு மேலே கொள்ளுப்பாட்டி என்று பெண்கள் வரிசையாகச் சொல்லவேண்டும். தாத்தா பெயர் எல்லோருக்கும் தெரிகிறது, கொள்ளுப்பாட்டி பெயர் யாருக்குத் தெரிகிறது?

டீச்சருக்குத் தெரிந்திருந்தது. பழைய அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர் ஒன்றின் கடைசிப் பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, பிறந்த வீடு, புகுந்த வீடு இரண்டுக்கும் மூன்று தலைமுறைப் பெயர், கோத்திரம், திதி என்று கட்டம் கட்டி எழுதிவைத்திருந்தார். இங்கிலீஷ் தேதி மட்டும் எழுதினால் திதி தவறிவிடும் என்று மாதம், பட்சம் இரண்டையும் குறித்திருந்தார். அவருக்கே தர்ப்பணம் செய்ய அவர் எழுதிய பக்கத்தைப் பார்த்துத்தான் மகன் பெயர் சொன்னான். வகுப்பில் பெயர் கூப்பிடுகிற மாதிரி ஒவ்வொன்றாக.

கறுப்பு எள் போதும், ஒரு கைப்பிடி. விரலில் போட மூன்று தர்ப்பைப் புல் பவித்திரம். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தண்ணீர் விழவேண்டும், விரல் நுனியில் விட்டால் அது தேவர்களுக்கு. முடிந்தபிறகு ஒரு சுமங்கலிக்குப் புடவை, ரவிக்கைத் துணி, மஞ்சள், குங்குமம், கண்ணாடி வளையல், சீப்பு, பூ. வளையல் அளவைக் கேட்டு வாங்க வேண்டும், கைக்கு ஏறாத வளையலைக் கொடுத்து என்ன பிரயோஜனம்.

பதினைந்து நாள் கழித்து கூத்தனூர். ஒட்டக்கூத்தர் ஊர். "மூன்று சோழர்களுக்கு உலா பாடினவர், தக்கயாகப்பரணியில் இந்த சரஸ்வதியைத்தான் ஆற்றங்கரைச் சொற்கிழத்தி என்கிறார்" என்று டீச்சர் பத்தாம் வகுப்பில் சொல்லும்போது அரசலாறு கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொரு சரஸ்வதி பூஜைக்கும் தன் வகுப்புப் பிள்ளைகளுக்காகப் பேனா கொண்டுவந்து பாதத்தில் வைத்து எடுத்துப்போவது அவர் வேண்டுதல். கடைசி வருஷம் வாங்கி வைத்த 44 பேனாவும் பீரோவிலேயே இருந்தன.

அவருக்குச் சில விதிகள் உண்டு. பால்பாயின்ட்தான், ஜெல் பேனா கூடாது, வெயிலில் கசியும். கொண்டுபோவதற்கு முன் ஒவ்வொன்றையும் தாளில் கிறுக்கிப் பார்க்கவேண்டும். டீச்சரின் கணவர், நாங்கள் சார் என்று கூப்பிடுகிறவர், உட்கார்ந்து கிறுக்கிப் பார்த்ததில் 6 எழுதவில்லை, மை காய்ந்துவிட்டது. அதற்குப் புதிது வாங்கினார். ரப்பர் பேண்டு போட்டுப் பெயர்ச்சீட்டும் செருகவேண்டும், இல்லாவிட்டால் குவியலில் அடுத்தவர் கட்டோடு கலந்துவிடும்.

சரஸ்வதி பூஜையன்று அம்பாளின் பாத தரிசனம். கூட்டத்தைக் கேட்கவே வேண்டாம். நோட்டுப் புத்தகத்தைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு முழங்கையால் இடிக்கிறார்கள், கைக்குழந்தைகள் வீறிடுகின்றன. மறுநாள் விஜயதசமிக்கு எழுத்தறிவிக்க வருகிறவர்கள் முந்தின நாளே வந்து நிறைந்துவிடுகிறார்கள். சாருக்கு வயது 70க்கு மேல். மூன்று மணி நேரம் நின்றார்.

உள்ளே போனதும் வெள்ளைப் புடவையும் ஜபமாலையும் சுவடியுமாக அவள். சத்தமெல்லாம் எங்கே போனதோ. அர்ச்சகர் தட்டை வாங்கிக்கொண்டு, "பேரு, நட்சத்திரம்?" என்றார். இத்தனை வருஷப் பழக்கம், சார் டீச்சர் பெயரைத்தான் முதலில் சொன்னார். நட்சத்திரமும் சொன்னார். பிறகு நிறுத்திவிட்டார். இல்லாதவர் பெயருக்கு அர்ச்சனை இல்லையே. அர்ச்சகர் அவர் முகத்தைப் பார்த்தார். "ஸ்வாமி பேருக்கே பண்ணிடறேன்" என்று சொல்லிவிட்டு பேனாக்கட்டை வாங்கிப் பாதத்தில் வைத்தார். தீபாராதனை முடிந்து கட்டு கைக்கு வரும்வரை சார் கண்ணைத் திறக்கவே இல்லை.

தாயே, கூட்டத்தில் அந்த ஒரு நிமிஷத்தை யாரும் தள்ளாமல் கொடுத்தாயே! தமிழ் தெரிந்த நாக்கு எல்லாம் நீ கொடுத்தது, எங்களுக்கு அதை டீச்சர் கையால் கொடுத்தாய். வரிசையில் பட்ட பாடெல்லாம் உனக்கே!

குங்குமம் ஒட்டிய பேனாவை டீச்சர் அப்படியே வகுப்பில் கொடுக்கமாட்டார். எல்லா வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிற வகுப்பு, ஒருவரும் வாங்கத் தயங்கக்கூடாது என்று பருத்தித் துணியால் துடைத்துத்தான் பெட்டியில் அடுக்குவார். திரும்பும் ரயிலில் சார் துண்டை மடியில் விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். பேரளம் வருவதற்குள் 44 பேனாவையும் துடைத்து முடித்துவிட்டார்.