பித்தப்பைக் கல்லும் அம்மாவின் வலிப்பு மாத்திரையும்

அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். ஈரோட்டில் லேப்ராஸ்கோப்பிக்கு, அதாவது வயிற்றில் சின்னத் துளை போட்டுச் செய்யும் ஆபரேஷனுக்கு, நாள் குறித்தார்கள். கோபியில் பஸ் ஏறும்போதே அம்மா சொல்லிவிட்டார்: "ஃபிட்ஸ் சமாச்சாரமெல்லாம் அங்க எதுக்குக் கண்ணு சொல்லோணும்? வந்தே வருசக் கணக்காச்சு." தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரம். வார்டில் ஒரு சொந்தக்காரர் இருந்தால் போதும், சேதி நமக்கு முன்னால் ஊர் போய்ச் சேரும் என்ற பயம்.

மயக்க டாக்டர் வந்தார். தொண்டையில் குழாய் விட வேண்டும் என்பதால் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தார். ஈறு தடித்து, முன்பற்களில் பாதியை மூடியிருந்தது.

"எப்டாயின் சாப்பிடறீங்களாம்மா?"

அம்மா என்னைப் பார்த்தார். "காலைல ஒண்ணு, ராத்திரிக்கு ரெண்டுதானுங்க" என்றார், திருட்டுத்தனமாகப் பீடி குடித்து மாட்டிக்கொண்டவர் மாதிரி. எப்டாயின் என்பது ஃபெனிடாயின் என்ற வலிப்பு மருந்து. அதை நெடுநாள் சாப்பிட்டால் சிலருக்கு ஈறு இப்படித் தடிக்கும். ஆக, நான் வாயைத் திறக்க வேண்டிய வேலையே இல்லாமல் போய்விட்டது.

டாக்டர் திட்டவில்லை. உட்கார்ந்து விளக்கினார். இந்த மாத்திரை பழகிய உடம்பில், தசையைத் தளர்த்தப் போடும் மருந்துகளில் சில சீக்கிரம் தீர்ந்துபோகும். அடிக்கடி போட வேண்டிவரும். முன்கூட்டியே தெரிந்தால் அவர் தயாராக இருப்பார். தூங்கவைக்கும் புரொப்போஃபால் வலிப்பையும் அடக்கும் மருந்துதான், அதனால் பயம் வேண்டாம். பயப்பட வேண்டியது மாத்திரையை விடுவதற்குத்தான். பட்டினி, தூக்கமில்லாத ராத்திரி, அதோடு ஒரு வேளை மாத்திரையும் போனால் வலிப்பு வர அதுவே போதும். காலை ஆறு மணிக்கு ரெண்டு மடக்குத் தண்ணீரில் மாத்திரை என்று கேஸ் ஷீட்டில் எழுதினார். விழுங்க முடியாதவர்களுக்கு ஊசியாகவும் போடலாமாம்.

காலையில் நர்ஸ், "பச்சைத் தண்ணிகூடக் கூடாது" என்று டம்ளரைப் பிடுங்கிவிட்டார். கேஸ் ஷீட்டைப் பிரித்து அந்த வரியைக் காட்டியபிறகுதான் கொடுத்தார். அவர் படித்திருக்கலாம், வேறென்ன சொல்ல?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டிஸ்சார்ஜ் சீட்டில் வலிக்கு டிரமடால் எழுதியிருந்தார்கள். வலிப்பைத் தூண்டக்கூடிய மருந்து அது என்று மயக்க டாக்டர் ஏற்கெனவே சொல்லியிருந்ததால், வேறொரு டாக்டரிடம் சீட்டை நீட்டினேன். அம்மாவே முந்திக்கொண்டார்: "எனக்கு ஃபிட்ஸ் இருக்குதுங்க." அந்த டாக்டர் டிரமடாலை அடித்துவிட்டு பாராசிட்டமால் எழுதிக் கொடுத்தார்.