பாதி கேட்ட பாட்டும் ஒரு செங்கல் கோபுரமும்

"மாமா, இதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்?" என்றான் மச்சினன்.

நியாயமான கேள்விதான். எதிரே ஒரு செங்கல் கோபுரம் நின்றது. கோபுரம் மட்டும்தான். அது சேர்ந்திருந்த தேவாலயத்தை 1990-இல் இடித்துவிட்டார்கள். பின்னால் அடுக்குமாடி வீடுகள், தலைக்கு மேல் ஜூன் மாத வெயில். அட்லாண்டாவிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் காரோட்டி வந்தவனிடம் இதைக் காட்டினால் கோபம் வராதா?

1980 ஏப்ரல் 5 அன்று இந்தத் தேவாலயத்தில் ஒரு பிறந்தநாள் விருந்து. அப்போதே அது வழிபாடு நின்றுபோய், மாணவர்கள் வாடகைக்குத் தங்கும் இடமாகியிருந்தது. விருந்தில் வாசித்த நால்வர்தான் பின்னாளில் ஆர்.ஈ.எம். என்ற ராக் இசைக்குழு ஆனார்கள். மைக்கேல் ஸ்டைப் பாட்டு, பீட்டர் பக் கிட்டார், மைக் மில்ஸ் பேஸ், பில் பெர்ரி டிரம்ஸ். நாங்கள் வந்திருந்தது அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தின் ஏதென்ஸ், பெரிய பல்கலைக்கழகம் உள்ள சின்ன ஊர். ஊரின் நடுவே வக்ஸ்ட்ரி என்ற இசைத்தட்டுக் கடை இன்னும் இருக்கிறது. பக் அங்கே வேலை பார்த்தவர். ஸ்டைப் அங்கே தட்டு வாங்க வந்த ஓவிய மாணவர். பழக்கம் அங்கேதான் தொடங்கியது. நானும் உள்ளே போய் அரைமணி நேரம் தட்டுகளைப் புரட்டினேன். வாங்கியது ஒன்றே ஒன்று. மச்சினன் வாசலில் போனோடு நின்றான்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். கேபிள் டிவி வந்த புதிதில் அவர்களுடைய 'லூசிங் மை ரிலிஜன்' பாட்டைப் பார்த்தேன். மாண்டலின் சத்தம் பிடித்தது, வரிகள் பிடிபடவில்லை. மதத்தை இழந்த ஒருவனின் வேதனை என்று நானே முடிவுகட்டி, விடுதி நண்பர்களுக்கு விளக்கம் வேறு கொடுத்தேன். அது அமெரிக்கத் தெற்கில் புழங்கும் பேச்சு வழக்கு என்று வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. பொறுமை எல்லை தாண்டிவிட்டது, இனி தாங்காது என்கிற மாதிரி. பக் அந்த மாண்டலினை அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தாராம், டிவி பார்த்துக்கொண்டே தட்டிப் பார்த்ததில் பிறந்த மெட்டு அது.

பழைய ஆல்பங்களைத் தேடிக் கேட்டபோது நிலைமை இன்னும் மோசம். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. என் ஆங்கிலம்தான் சரியில்லை என்று கூசிப்போனேன். அப்புறம்தான் தெரிந்தது, அமெரிக்கர்களுக்கும் அதே கதிதான்! 1983-இல் வந்த முதல் முழு ஆல்பத்தின் பெயரே 'மர்மர்', அதாவது முணுமுணுப்பு. அந்த ஆண்டின் சிறந்த ஆல்பமாக அதைத்தான் 'ரோலிங் ஸ்டோன்' இதழ் தேர்ந்தெடுத்தது. மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' ஊரை உலுக்கிக்கொண்டிருந்த நேரம் அது. எல்லாப் பாடல்களின் வரிகளையும் அவர்கள் முழுதாக அச்சிட்டது 1998-இல், 'அப்' ஆல்பத்தில்தான்.

'மர்மர்' பின்னட்டையில் ஒரு மர ரயில் பாலம் உண்டு. அது கோபுரத்திலிருந்து கொஞ்ச தூரத்தில், டட்லி பூங்காவில். நான் போனபோது கரிய கட்டைகள் உளுத்து, விளிம்புகள் நார் நாராகப் பிரிந்திருந்தன. இனி தாங்காது என்று பின்னாளில் அதைப் பிரித்துவிட்டு, அதே வழியில் நடைபாதைப் பாலம் கட்டிவிட்டார்கள். பக்கத்து மரங்களில் கொடி ஒன்று தலைவரை ஏறி மூடியிருந்தது. குட்ஸு என்பார்கள், முன்னட்டையில் இருப்பது அதுதான். ஜப்பானிலிருந்து வந்த கொடி; மண் அரிப்பைத் தடுக்க 1930-களில் அரசே நடச் சொன்னது. இப்போது தெற்கு முழுக்க அடங்காமல் படர்கிறது. நம் ஊர் சீமைக் கருவேலம் நினைவுக்கு வந்தது.

சாப்பாட்டுக்கு வீவர் டி'ஸ். எலுமிச்சைப் பச்சை அடித்த சின்னக் கட்டடம். பலகையில் கடையின் வாசகம்: 'ஆட்டோமேட்டிக் ஃபார் தி பீப்பிள்'. 1992 ஆல்பத்துக்கு அதையே பெயராக வாங்கிக்கொண்டார்கள். ஆர்டர் கொடுத்தால் 'சரி' என்பதற்குப் பதில் இங்கே 'ஆட்டோமேட்டிக்' என்பார்கள் என்று படித்திருந்தேன். பொரித்த கோழி, பூசணி கேசரோல், சோள ரொட்டி சொல்லிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். உள்ளே எண்ணெய் சீறிய சத்தத்தில் ஏதோ ஒன்று காதில் விழுந்தது. அந்தச் சொல்தானா என்று இன்றுவரை தெரியாது. கோழியின் தோல் மொறுமொறுவென்று இருந்தது. வெயிலை மறந்து மச்சினன் இரண்டாவது தட்டு வாங்கினான்.

சாப்பிட்டபடியே மீதிக் கதையைச் சொன்னேன். யார் எழுதினாலும் எல்லாப் பாட்டுக்கும் நால்வர் பெயரும் போடுவார்கள் என்பது அவனுக்கு ஆச்சரியம். "அப்போ சண்டையே வராதா?" பணச் சண்டை வரவில்லை. 1995-இல் சுவிட்சர்லாந்தின் லோசானில் மேடையிலேயே பெர்ரிக்கு மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது. பிழைத்து வந்து மறுபடி வாசித்தார். மறு ஆண்டு வார்னர் இசைத்தட்டு நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தம் 8 கோடி டாலர் என்று பத்திரிகைகள் எழுதின. 1997-இல் பெர்ரி விலகிக்கொண்டு, பக்கத்திலேயே வைக்கோல் விவசாயம் பார்க்கப் போனார். தான் போனால் குழு உடையும் என்றால் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். மூன்று கால் நாயும் நாய்தான் என்றார் ஸ்டைப். அந்த மூன்று காலில் ஐந்து ஆல்பம் ஓடினார்கள். எனக்கு அவற்றில் இரண்டுதான் தேறும். 2004-இல் வந்தது சுத்தத் தூக்கம். 2011 செப்டம்பரில், வழியனுப்பு விழாக் கச்சேரி எதுவும் இல்லாமல், கலைத்துக்கொண்டார்கள்.

திரும்பும்போது காரில் 'மர்மர்' போட்டேன். இரண்டாவது பாட்டில் மச்சினன் ஒலியைக் கூட்டினான்.

"என்ன சொல்றார் மாமா?"

"தெரியலடா."

"சரி, முதல்லேர்ந்து போடுங்க."