அக்காவுக்கு விலக்கு இல்லை

1990-களில் பழைய வண்ணாரப்பேட்டையில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவனாக வேலை பார்த்தேன். காசிமேட்டுப் பக்கமிருந்து காற்று திரும்பினால் மை வாடையை மீன் வாடை அமுக்கிவிடும் இடம் அது. 16 பக்கம் ஒரு ஃபாரம், 6 ஃபாரம் ஒரு பாக்கெட் நாவல் என்று மாதந்தோறும் துப்பறியும் கதைகள் என் மேசைக்கு வரும். எழுத்துப்பிழை பார்ப்பதுதான் என் வேலை என்றாலும், 96 பக்கங்களை மூன்று முறை படிப்பவனுக்குக் கதையின் பிழையும் கண்ணில் படத்தான் செய்யும்.

அப்படி வந்த ஒரு கதையில், கொலை செய்துவிட்டு ஓடிவரும் தம்பியை அக்கா பரண்மேல் ஒளித்துவைக்கிறாள். தேடிவந்த இன்ஸ்பெக்டரோ, கூடப்பிறந்தவளைச் சட்டம் ஒன்றும் செய்யாது என்று சொல்லி அவளை விட்டுவிடுகிறார். அந்த வரி எனக்கு இடறியது. பாரிமுனையில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்த நண்பரிடம் கேட்டேன். கொலையாளி என்று தெரிந்தே, தண்டனையிலிருந்து தப்புவிக்கும் எண்ணத்தோடு அடைக்கலம் கொடுத்தால் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 212-ஆம் பிரிவின்படி 5 ஆண்டுவரை சிறை என்றும், விலக்கு கணவனுக்கும் மனைவிக்கும் மட்டுமே என்றும் அவர் சொன்னார். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய சட்டத்தில் அது 249-ஆம் பிரிவாகியிருக்கிறதே ஒழிய, அக்காவின் நிலைமை மாறவில்லை.

எழுத்தாளர் கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவரோ இரண்டு நாள் அவகாசம் கேட்டுக் கடைசி ஃபாரத்தையே மாற்றி எழுதிக்கொண்டு வந்தார். (கையெழுத்து வழக்கம்போலக் கோழி கிளறியதுதான்.) இன்ஸ்பெக்டர் இப்போது எதுவும் பேசவில்லை. தனியாக வாழும் அக்கா, கழுவிக் கவிழ்த்திருந்த இரண்டு தட்டுகளில் ஒன்றை எடுத்து, ஈரம் காயுமுன்பே அலமாரிக்குள் வைக்கிறாள். அவர் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அந்தப் பக்கம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ரத்தமா நியாயமா என்ற கேள்வியைக் கடைசி அத்தியாயத்தில் துப்பாக்கிமுனையில் கேட்கவைக்கும் கதைகளை நான் நம்பியதில்லை. வீடணனையும் கும்பகருணனையும்போல வழியைத் தெரிந்து, வாய்விட்டு வாதாடித் தேர்ந்துகொள்ளும் உடன்பிறப்புகள் காவியத்தில் இருக்கலாம். மற்றவர்கள் தட்டை உள்ளே வைத்துவிட்டுத்தான் யோசிக்கிறார்கள்.

அந்த நாவல் அச்சேறிய அதே கோடையில், கணக்கர் விடுப்பில் போனதால் ஸ்டாக் நோட்டு சில வாரங்கள் என் பொறுப்பில் இருந்தது. என் தம்பி அங்கேயே கோடவுனில் வேலை பார்த்தான். காகிதத்தில் இரண்டு ரீம் குறைந்தது. ஒரு சொட்டு மழையில்லாத சித்திரையில், ஈரம் பட்டு வீணானதாக அவன் எழுதிக்கொண்டு வந்து, "அண்ணே, ஒரு கையெழுத்து" என்று நோட்டை நீட்டினான். என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு முதலாளி, காகிதத்தை நனையவிட்டதாகச் சொல்லிக் கோடவுனில் சுமை தூக்கிய ஒரு பெரியவரை நிறுத்தினார். நான் வாய் திறக்கவில்லை.

நோட்டில் தம்பி 'வீன்' என்று எழுதியிருந்தான். அதை 'வீண்' என்று திருத்திவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.