மெர்ல் ஹே சாலையில் ஒரு கோடை

ஜூலை 3, 2024, புதன்

குட்டிக்கு நூலகத்தில் கோடை விடுமுறை வேலை ஒன்று கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் இருக்கிற அமெரிக்க மாநிலமான அயோவாவோடு தொடர்புள்ள ஒரு வரலாற்றை எடுத்துக்கொண்டு, ஆகஸ்டில் ஒரு பலகை வைத்து வருகிறவர்களுக்கு விளக்க வேண்டும். அவள் எடுத்திருப்பது முதல் உலகப் போர். எங்களுக்குச் சண்டையே வேண்டாம் என்று ஒதுங்கி நின்ற அமெரிக்கா எப்படி உள்ளே போனது, போனபோது ஊருக்குள் என்ன நடந்தது என்று. அடுத்த மாதம் எட்டாம் வகுப்புக்குப் போகிற பிள்ளைக்குக் கைக்கடங்காத விஷயம். பாதி வேலை என் தலையில்தான் விழும் என்று தெரிந்ததால் இங்கே குறித்து வைக்கிறேன்.

ஆரம்பித்தது ஒரு புகைப்படத்தில். எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் கேம்ப் டாட்ஜ் ராணுவ முகாம். 1918-ல் இதே ஜூலை 3 அன்று, அங்கே பயிற்சியில் இருந்த சுமார் 18,000 சிப்பாய்களைத் திடலில் நிற்கவைத்து, சுதந்திர தேவி சிலை உருவத்தில் படம் எடுத்திருக்கிறார்கள். கொளுத்தும் வெயில், உடம்பில் கம்பளிச் சீருடை. பலர் மயங்கி விழுந்தார்களாம். கோபுரத்தின் மேலிருந்து பார்க்கும்போது சிலையின் அளவு சரியாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, தூரமாகப் போகப் போக ஆட்களைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள். அடியில் நிற்பவர்கள் 17 பேர். தீப்பந்தத்தின் சுடரில் மட்டும் 12,000 பேர்.

குட்டி பூதக்கண்ணாடி வைத்து ஒரு முகத்தையாவது பிடித்துவிட வேண்டும் என்று அரை மணி நேரம் முயன்றாள். சுடரில் முகமே இல்லை, புள்ளிகள்தான்.

ஜூலை 6, சனி

ஒன்பது வருஷமாக மெர்ல் ஹே சாலையில் போய்வருகிறேன். அந்தப் பேரில் ஒரு மாலும் இருக்கிறது. மெர்ல் ஹே யாரோ நிலம் கொடுத்த பெரிய மனிதர் என்று நினைத்திருந்தேன்.

கிளிடன் என்ற சின்ன ஊர்ப் பையன் அவன். 1917 நவம்பர் 3 விடியுமுன், பிரான்சில் பதுங்குகுழியில் ஜெர்மானியர் திடீரென்று பாய்ந்ததில் இறந்துபோனான். அந்தப் போரில் களத்தில் செத்த முதல் அமெரிக்கச் சிப்பாய்கள் மூன்று பேர்: இண்டியானாக்காரர் ஒருவர், பிட்ஸ்பர்க்காரர் ஒருவர், இவன். வயது 21. உடல் 1921-ல்தான் ஊர் வந்து சேர்ந்தது. இப்போது அவன் பெயரில் காலணி தள்ளுபடி அறிவிப்புகள் வருகின்றன.

அந்த மாலில் நின்றுதான் இதைக் குட்டிக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். "அம்மா, மெதுவா. எல்லாரும் பாக்கறாங்க." யாரும் பார்க்கவில்லை. கடையில், நூலக வாசலில், பள்ளி வளாகத்தில் நான் தமிழில் பேசினால் அவளுக்குக் கூச்சம், பதில் ஆங்கிலத்தில்தான் வரும். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினால் தமிழ் அருவியாகக் கொட்டும். இவரிடம் சொன்னால் "வயசு அப்படி" என்கிறார்.

ஜூலை 11, வியாழன்

சாப்பாட்டு மேசை முழுக்க மஞ்சள் துண்டுச் சீட்டுகள். குட்டி காலவரிசை ஒட்டுகிறாள்.

1914 ஆகஸ்ட்: ஐரோப்பாவில் போர். அதிபர் வில்சன், செயலில் மட்டுமல்ல, எண்ணத்திலும் பாரபட்சம் வேண்டாம் என்று நாட்டு மக்களைக் கேட்டுக்கொள்கிறார். செயலைக் கட்டுப்படுத்தலாம், எண்ணத்தை எப்படி? மூன்றாம் வீட்டு அண்ணன் தம்பி சண்டைக்கே மனசுக்குள் கட்சி கட்டுகிற ஜாதி நாம். அதிலும் அயோவாவில் குடியேறியவர்களில் பெரிய கூட்டம் ஜெர்மானியர்.

மனசை விடுங்கள், பணம் எந்தப் பக்கம் போனது என்று பார்த்தால் போதும். பிரிட்டன் கடலில் ஜெர்மனியை மறித்துவிட்டது. சரக்கு ஒரு பக்கத்துக்குத்தான் போக முடியும், கடனும் பின்னாலேயே போனது. 1917 ஏப்ரல் வரை நேச நாடுகள் வாங்கிய கடன் சுமார் 230 கோடி டாலர், ஜெர்மனி வாங்கியது 2.7 கோடி. "இதுக்குப் பேர் நியூட்ரலா?" என்று குட்டி கேட்டாள். சட்டப்படி நடுநிலைதான். ஆனால் கடன் கொடுத்தவன் கடனாளி தோற்பதைப் பார்த்துக்கொண்டு இருப்பானா? வெளியுறவு அமைச்சர் பிரையன் ஆரம்பத்திலேயே கடன் கொடுக்காதீர்கள் என்றார். பிறகு 1915 மே 7-ல் ஜெர்மன் நீர்மூழ்கி லூசிடானியா கப்பலை மூழ்கடித்தது. ஏறத்தாழ 1,200 பேர் பலி, அவர்களில் அமெரிக்கர்கள் 128. ஜெர்மனிக்கு வில்சன் எழுதிய கடுமையான கடிதத்தில் கையெழுத்துப் போட மனமில்லாமல் பிரையன் ஜூனில் பதவியை விட்டார்.

1916-ல் 'நம்மைப் போரில் இறங்காமல் காத்தவர்' என்று சொல்லியே வில்சனுக்கு ஓட்டுக் கேட்டார்கள், ஜெயித்தார். பதவியேற்று ஒரு மாதத்தில் எல்லாம் தலைகீழ். 1917 பிப்ரவரியில் ஜெர்மனி எந்தக் கப்பலையும் விடமாட்டோம் என்று நீர்மூழ்கிகளை அவிழ்த்துவிட்டது. மெக்சிகோவைத் தன் பக்கம் சேரச்சொல்லி, பதிலுக்கு டெக்சஸ், நியூ மெக்சிகோ, அரிசோனாவைத் திரும்பப் பெறலாம் என்று ஆசை காட்டிய, ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் சிம்மர்மனின் தந்தி மார்ச் 1-ல் பத்திரிகைகளில் வந்தது. போரில் இறங்கலாமா என்ற ஓட்டெடுப்பில், ஏப்ரல் 4-ல் செனட்டில் 82-க்கு 6, ஏப்ரல் 6-ல் பிரதிநிதிகள் சபையில் 373-க்கு 50. வேண்டாம் என்ற ஐம்பதில் ஒருவர் ஜெனட் ராங்கின். அமெரிக்க காங்கிரசின் முதல் பெண். பதவிக்கு வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது.

குட்டி அந்த ஒரு சீட்டை மட்டும் பச்சை நிறத்தில் எழுதினாள்.

ஜூலை 14, ஞாயிறு

கோவில்பட்டிக்குப் போன். அம்மா எடுத்ததும், "ஏட்டி, சாப்ட்டியா? குட்டி என்ன செய்யுதா?" சீட்டு ஒட்டுகிற கதையைச் சொன்னேன். "அவ சரியான எம்டன்லா!" என்று சிரித்தாள். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த குட்டிக்கு அந்தச் சொல் புதுசு.

எம்டன் என்றால் பலே கில்லாடி என்றேன். எங்கிருந்து வந்தது என்றாள். சொன்னேன்: 1914 செப்டம்பர் 22 ராத்திரி மதராஸ் துறைமுகத்துக்கு வெளியே ஒரு ஜெர்மன் போர்க்கப்பல் வந்து, குண்டு போட்டு, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுக் காணாமல் போனது. பட்டணத்து ஜனம் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கு ஓடியது. அந்தக் கப்பலின் பெயர் எம்டன். வில்சன் நடுநிலை பேசிக்கொண்டிருந்த அதே நேரத்தில் நாம் போருக்குள் இருந்தோம். வெள்ளைக்காரன் இருந்ததால் நாமும் இருந்தோம், அவ்வளவுதான், யாரும் நம்மைக் கேட்கவில்லை.

எண்ணெயைக் கொளுத்தியவன் பேரைப் பேத்திக்குச் செல்லப் பட்டமாகக் கொடுக்கிற பாஷை நம்முடையது என்று நினைத்தபோது எனக்கும் சிரிப்பு வந்தது.

ஜூலை 20, சனி

இரண்டு மணி நேரம் ஓட்டி வெஸ்ட் பிராஞ்ச் போனோம். ஹெர்பர்ட் ஹூவர் பிறந்த ஊர். இரண்டு அறை வீடு, நம் தெருவில் வாடகைக்கு விடும் போர்ஷன் அளவுதான். பின்னாளில் அதிபராகி, பொருளாதாரப் பெருமந்தத்தில் பெயரைக் கெடுத்துக்கொண்டார். ஆனால் 1917-ல், அரசின் உணவு நிர்வாகத் தலைவராக, நாட்டின் சமையலறைகளுக்கே அவர்தான் எஜமான். நேச நாடுகளுக்குக் கோதுமையும் இறைச்சியும் அனுப்ப வேண்டும். ரேஷன் அட்டை போடாமல், வீட்டுப் பெண்களிடம் உறுதிமொழிச் சீட்டில் கையெழுத்து வாங்கினார். திங்களும் புதனும் கோதுமை கிடையாது, செவ்வாயில் இறைச்சி கிடையாது. செவ்வாய், வெள்ளி கவிச்சி தொடாத வீட்டில் வளர்ந்த எனக்கு இது பெரிய தியாகமாகப் படவில்லை. கோதுமை இல்லாத நாளில் சோளமாவு ரொட்டி. அயோவாவில் சோளத்துக்கா பஞ்சம்.

விவசாயிக்கு அது நல்ல காலம். கோதுமை புஷலுக்கு (சுமார் 27 கிலோ) 2.20 டாலர் என்று அரசே விலை வைத்தது. பன்றி விலையும் ஏறியது. ஏறிய விலை அப்படியே நிற்கும் என்று நம்பி, கடன் வாங்கி, பக்கத்து நிலத்தையும் சேர்த்து வாங்கினார்கள். 1920-ல் விலை விழுந்தது, நிலமும் போனது, கடன் கொடுத்த சின்னச் சின்ன வங்கிகளும் போயின.

குட்டிக்குப் பிடித்தது பீச் பழக் கொட்டை. 1918-ல் நாடு முழுக்கப் பிள்ளைகள் வீடு வீடாக அதைச் சேகரித்தார்கள். கொட்டையைக் கரியாக்கி விஷவாயு முகமூடியில் வைப்பார்கள். ஒரு முகமூடிக்கு 7 பவுண்டு, ஏறக்குறைய 200 கொட்டை. திரும்பும் வழியில் ஒரு பெட்டி பீச் வாங்கவைத்துவிட்டாள்.

ஜூலை 27, சனி

இந்த வாரம் எழுத உட்கார்ந்து இரண்டு முறை எழுந்துவிட்டேன்.

1918 மே 23. அயோவா ஆளுநர் வில்லியம் ஹார்டிங் ஓர் உத்தரவு போட்டார். பள்ளிகளில் ஆங்கிலம் மட்டும். பொது இடங்களில், ரயிலில், டெலிபோனில் பேச்சு ஆங்கிலத்தில் மட்டும். மேடைப் பேச்சும் அப்படியே. ஆங்கிலம் தெரியாதவர்கள் வழிபாட்டைத் தங்கள் வீட்டுக்குள் நடத்திக்கொள்ளலாம். ஜெர்மன் என்று தனியாகச் சொல்லவில்லை, எல்லா மொழிக்கும் சேர்த்துத்தான். டேனிஷ், டச்சு, செக், நார்வீஜியன் பேசியவர்கள் பதறிப்போனார்கள். டென்மார்க்கும் ஹாலந்தும் அந்தப் போரில் நடுநிலை நாடுகள்! கடவுள் ஆங்கிலத்தை மட்டும்தான் கேட்கிறார் என்ற பொருளில் ஆளுநர் பேசவும் செய்தார். மனிதரின் மொழி பலவாகப் பிரிந்ததைச் சொல்லும் பைபிளின் பாபேல் கோபுரக் கதையை வைத்து இதைப் பாபேல் உத்தரவு என்கிறார்கள்.

டெலிபோன் என்ற சொல்லில்தான் நான் நின்றுவிட்டேன். அன்றைக்குக் கிராமத்துக்கு ஒரே கம்பி. ஏழெட்டுப் பண்ணைவீடுகள் அதில் தொங்கும். எந்த வீட்டுக்கு எத்தனை மணி என்று கணக்கு இருக்கும். நம் வீட்டு மணி இல்லாவிட்டாலும் எடுத்து ஒட்டுக்கேட்கலாம், எல்லாரும் கேட்பார்கள். டேவன்போர்ட் இருக்கிற ஸ்காட் கவுண்டியில், அப்படி ஒரு கம்பியில் ஜெர்மனில் பேசிக்கொண்ட பண்ணைவீட்டுப் பெண்கள் சிலருக்கு 225 டாலர் தண்டம். பணம் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு. என்ன பேசியிருப்பார்கள்? கோழி அடைகாக்கிறதா, சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டதா. நானும் அம்மாவும் பேசுவதுதான்.

உத்தரவுக்கு முன்பே ஊர் பற்றி எரிந்துகொண்டிருந்தது. போர்க் கடன்பத்திரம் போதுமான அளவு வாங்காதவர்களை மாவட்டக் குழுக்கள் கூப்பிட்டு, நீதிமன்றம் மாதிரியே உட்கார்ந்து விசாரித்தன. பெர்லின் என்ற ஊர் லிங்கன் ஆனது, ஜெர்மானியா லகோட்டா ஆனது. சவர்க்ரௌட் என்ற புளித்த முட்டைக்கோஸ் 'சுதந்திர முட்டைக்கோஸ்'. ஜெர்மன் அம்மை 'சுதந்திர அம்மை'. இதுவரை சிரிக்கலாம். பக்கத்து இல்லினாயில், காலின்ஸ்வில்லில், ராபர்ட் பிராகர் என்ற ஜெர்மன் சுரங்கத் தொழிலாளியை 1918 ஏப்ரல் 5-ல் கூட்டம் தூக்கில் தொங்கவிட்டது. வழக்கு நடந்தது, குற்றவாளி யாரும் இல்லை என்று முடிந்தது.

பிராகரைப் பற்றிக் குட்டியிடம் சொல்லவா என்று யோசித்தேன். அவளே கண்டுபிடித்து வந்து என்னிடம் சொன்னாள்.

அப்பா 1965-ல் கல்லூரி மாணவர். இந்தி எதிர்ப்பு ஊர்வலத்தில் போய்த் தடியடி வாங்கிய தழும்பைக் காட்டுவார். இருந்திருந்தால் இதற்கு ஒரு மணி நேரம் பேசியிருப்பார்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

பக்கத்து வீட்டுத் தாத்தா தக்காளி கொண்டுவந்தார். விவசாயம் பார்த்து ஓய்ந்தவர், எண்பத்தைந்துக்கு மேல். பெயரைப் பார்த்தாலே ஜெர்மன் வம்சம். குட்டி மேசையில் இருந்த சீட்டுகளைக் காட்டி, உங்கள் வீட்டில் ஜெர்மன் பேசுவார்களா என்று நேரடியாகக் கேட்டுவிட்டாள்.

என் தாத்தா பேசுவார், என் அப்பாவுக்குப் புரியும், எனக்கு ஒன்றும் தெரியாது என்றார். பிறகு, சாப்பாட்டு ஜெபம் மட்டும் தெரியும் என்று, தக்காளிப் பையைக் கீழே வைத்துவிட்டு, கண்ணை மூடிச் சொன்னார். "கோம், ஹெர் யேசு, சை டு உன்சர் காஸ்ட்..." முழுசாக, தடங்கல் இல்லாமல். ஆண்டவரே, எங்கள் விருந்தாளியாக வாரும் என்று அர்த்தம். நம் பிள்ளைகள் அர்த்தம் தெரியாமல் ஸ்லோகம் சொல்வதுபோல. இதில் விருந்தாளி என்ற சொல் எது என்று குட்டி கேட்டதற்கு, விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்.

போர் முடிந்து, 1918 டிசம்பரில் ஹார்டிங் உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஆனால் அடுத்த வருஷமே அயோவா அதைச் சட்டமாகவே கொண்டுவந்தது: பள்ளிகளில் எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளைகளுக்கு வேறு மொழி கற்பிக்கக் கூடாது. பார்டெல்ஸ் என்ற லூத்தரன் சபைப் பள்ளி ஆசிரியர் ஜெர்மன் சொல்லிக்கொடுத்துப் பிடிபட்டார். 1923 ஜூன் 4-ல், நெப்ராஸ்காவில் மேயர் என்ற பெயருடைய ஆசிரியரின் வழக்கோடு சேர்த்து, உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டங்களை அடித்துப்போட்டது. அதற்குள் ஐந்து வருஷம். சர்ச்சும் பள்ளியும் பத்திரிகையும் பழக்கத்தை மாற்றிக்கொள்ள அந்த ஐந்து வருஷம் போதுமானதாக இருந்திருக்கிறது.

"நான் எட்டாவதுதானே அம்மா" என்றாள் குட்டி. ஆமாம். பள்ளியில் அவளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தால் அப்போது குற்றம்.

ஆகஸ்ட் 10, சனி

பலகை தயார். அமெரிக்கச் சிப்பாய்களில் களத்தில் செத்தவர்கள் 53,000 பேர், நோயிலும் மற்றதிலும் 63,000 என்று கடைசி மூலையில் எழுதியிருக்கிறாள். கேம்ப் டாட்ஜிலும் அந்த இலையுதிர்காலத்தில் காய்ச்சல் புகுந்து கொத்துக்கொத்தாக எடுத்துக்கொண்டு போனது. சுடரில் புள்ளியாக நின்றவர்களில் எத்தனை பேரோ. பலகைக்கு முன்னால் ஒரு கண்ணாடிக் குடுவையில் கழுவிக் காயவைத்த பீச் கொட்டைகள், மொத்தம் 41. "ஒரு முகமூடிக்கு இன்னும் 159 வேண்டும்" என்று சீட்டு. ஓரத்தில் 'எம்டன்' என்று தமிழில் எழுதி, கீழே ஆங்கிலத்தில் மூன்று வரி விளக்கம். அது என் யோசனை இல்லை.

பசை தீர்ந்துவிட்டதென்று மாலையில் கடைக்குப் போனோம். உள்ளே நுழையும்போது போன் அடித்தது. அம்மா. "ஏட்டி, எங்க இருக்க, ஒரே இரைச்சலா கெடக்கு?" கடையில் என்றேன், சத்தமாகத்தான். குட்டி திரும்பிப் பார்த்தாள். வழக்கம்போல இரண்டு அடி தள்ளிப் போய், பேனா அடுக்கைப் பார்ப்பதுபோல நின்றுகொண்டாள்.