மொட்டை மாடி நிழலும் சோலார் கணக்கும்

பொள்ளாச்சிப் பக்கத்துத் தோட்டத்துச் சாளைகளில் (தோட்ட வீடுகளில்) சோலார் வேலை பழகத் தொடங்கிய பிறகுதான், வயரைத் தொடுவதற்கு முன்பு முடிக்க வேண்டிய வேலையே பெரிது என்பது எனக்குப் புரிந்தது. வயரிங் தெரிந்தவருக்கு மீதமுள்ளதைக் கற்றுக்கொள்ள அதிகக் காலம் ஆகாது. நிழலைக் கணிக்கப் பழகுவதற்குத்தான் பொறுமை வேண்டும்.

எத்தனை கிலோவாட் என்பது எளிய கணக்கு. மின்கட்டணத்தில் இரண்டு மாதத்துக்கு 600 யூனிட் என்று இருந்தால் நாளொன்றுக்கு 10 யூனிட். ஒரு கிலோவாட் பேனல் ஆண்டுச் சராசரியில் நாளுக்கு 4 யூனிட் அளவில் தரும் என்பதால் 3 கிலோவாட் போதும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தின் மானியமும் 3 கிலோவாட்டில் 78,000 ரூபாயை எட்டி அதற்கு மேல் ஏறாததால், பெரும்பாலான வீட்டுக்காரர்களின் ஆசையும் அங்கேயே நின்றுவிடுகிறது.

தெற்கு நோக்கி ஏறத்தாழ 11 டிகிரி சாய்வில் பேனலை வைக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்லித் தருகிறார்கள். ஆனால் சித்திரைத் தொடக்கத்திலிருந்து ஆவணித் தொடக்கம் வரை நம் ஊரில் உச்சிச் சூரியன் தலைக்கு வடக்கே நிற்கிறது என்பதைச் சொல்பவர்கள் குறைவு. ஆகவே வடக்கே இருக்கும் மாடிப்படி அறையின் நிழலும் அந்த மாதங்களில் தெற்கே விழும். 10 அடி உயரச் சுவருக்கு ஆனி மாத நண்பகலில் அது இரண்டடியைச் சற்றுத் தாண்டும். மார்கழியில் அதே உயரச் சுவர் தெற்கே இருந்தால், நண்பகலிலேயே ஏழடி நிழல் வடக்கே நீளும். காலை ஒன்பது மணிக்கோ நிழல் உயரத்தைப் போல் ஒன்றரை மடங்காகிவிடும் என்பதால், தென்கிழக்கில் 70 அடி தள்ளி நிற்கும் 50 அடித் தென்னையின் கொண்டை நிழல்கூடப் பேனல்மேல் வந்து விழும். தோப்புக்கு நடுவே வீடு கட்டியவரிடம் இதை விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. மரத்தை வெட்டச் சொல்ல எனக்கும் மனம் வராது, பேனலைத்தான் நகர்த்துவோம்.

பேனல்களைத் தொடராக இணைப்பதால் ஒன்றில் விழும் நிழல் வரிசை முழுவதன் மின்னோட்டத்தையும் பாதிக்கக்கூடும். நிழல் விழுந்த பகுதியைச் சுற்றி மின்னோட்டத்துக்கு மாற்றுவழி விடும் பைபாஸ் டயோடு மற்ற பேனல்களைக் காப்பாற்றினாலும், நிழல் விழுந்த பகுதியின் உற்பத்தி போனது போனதுதான்.

துணி காயப்போடவும் இடம் வேண்டும் என்று ஏழெட்டு அடி உயரத்தில் கொட்டகைபோல் பேனலைத் தூக்கி நிறுத்தச் சொல்கிறார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக்காற்று அடிக்கும் ஊரில் இது நல்ல யோசனையாக எனக்குப் படவில்லை. காற்று அடியில் புகுந்து தூக்கும் விசையைத் தாங்கும் அளவுக்கு அஸ்திவாரம் போட்டால் செலவும் கூடும்.

இணைப்பு வேலையில் முதலில் பழக வேண்டியது டிசி பக்கத்தின், அதாவது பேனலிலிருந்து ஒரே திசையில் வரும் மின்னோட்டத்தின் மீதான பயம். வீட்டுக்கு வரும் ஏசி மின்னோட்டம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால், இணைப்பைப் பிரிக்கும்போது எழும் தீப்பொறி எளிதில் அணையும். டிசிக்கு அந்த இடைவெளி கிடையாது. அதனால் ஏசி சுவிட்சை அணைத்து, அடுத்து டிசி ஐசொலேட்டரை (டிசி பக்கத்துச் சுவிட்சை) அணைத்து, வயரைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரில் பூஜ்யத்தைப் பார்த்த பிறகே பேனல் வயர்களை இணைக்கும் எம்சி4 கனெக்டரைக் கழற்ற வேண்டும். கழற்றிய முனையிலும் ஆறு பேனல் வரிசை என்றால் ஏறத்தாழ 300 வோல்ட் இருக்கும்.

வேலை முடியும் நேரத்தில் ஒரு பெரியம்மா கேட்டார்: “ஏங்கண்ணு, கரண்டு நின்னு போனாலும் இது ஓடுமல்லொ?” ஓடாதுங்கம்மா என்றேன். பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு இணைந்து ஓடும் ஆன்கிரிட் இன்வெர்ட்டர் (டிசியை ஏசியாக மாற்றும் கருவி), கம்பத்தில் வேலை செய்யும் லைன்மேனுக்கு ஆபத்து வரக் கூடாதென்று, லைனில் கரண்ட் போனவுடன் தானாக நின்றுவிடும். பேட்டரியோடு ஹைபிரிட் இன்வெர்ட்டர் போட்டால் ஓடும் என்று சொல்லி விலையையும் சொன்னேன். வீட்டில் இருக்கிற பழைய யூபிஎஸ்ஸே போதும் என்றுவிட்டார்.