தில்லிக் குளிருக்கு முதல் மஃப்ளர்

தில்லியில் டிசம்பர் குளிருக்குள் மஃப்ளர் தயாராக வேண்டுமென்றால் அக்டோபரிலேயே பின்னல் ஊசியைக் கையில் எடுத்துவிடுங்கள். முதல் முயற்சிக்கு ஸ்வெட்டர் வேண்டவே வேண்டாம். நடுத்தரத் தடிமனுள்ள கம்பளி நூல் 200 கிராம், 4 மி.மீ. ஊசி ஒரு ஜோடி போதும். பழைய எண் முறையில் அது 8-ஆம் நம்பர். நம்பர் கூடக்கூட ஊசி மெலியும், கடையில் கவனம். உருண்டைகள் எல்லாவற்றையும் ஒரே சாய எண்ணில் (ஒன்றாகச் சாயமேற்றிய தொகுதியைக் குறிக்கும் லேபிள் எண்) சேர்த்து வாங்குங்கள். இல்லையென்றால் நிற வேறுபாடு பட்டையாகத் தெரியும்.

ஊசியில் 44 கண்ணிகள் (நூல் வளையங்கள்) ஏற்றி, எல்லா வரிசையும் சீதா (நேர்ப் பின்னல், knit) மட்டும் போடுங்கள். சுமார் 20 செ.மீ. அகலம் வரும், நீளம் 150 செ.மீ. ஒரு வரிசை சீதா, அடுத்தது உல்டா (எதிர்ப் பின்னல், purl) என்று போட்டால் வழவழப்பாகத்தான் இருக்கும், ஆனால் ஓரம் சுருண்டுவிடும்.

புதிதாகப் பின்னுகிறவர்களுக்குக் கண்ணி தானாகக் கூடும். பெரும்பாலும் தவறு வரிசைத் தொடக்கத்தில்தான்: நூல் ஊசிக்கு மேலாகப் பின்பக்கம் போனால் முதல் கண்ணியே இரண்டாகத் தெரியும், இரண்டையும் பின்னிவிடுவோம். நூலை ஊசிக்கு அடியில் இழுத்துப் பின்னால் கொண்டுபோங்கள். நாலைந்து வரிசைக்கு ஒருமுறை எண்ணுங்கள்.

அடுத்து, இரண்டு சீதா இரண்டு உல்டா போட்ட குல்லா. ராவெல்ரி (Ravelry) என்ற பின்னல் இணையதளத்தில் இலவச மாதிரிகளை நூல் தடிமன், ஊசி அளவு வைத்துத் தேடலாம்.